மேகப் படத்துக்குப் பின்னால்

ஆயுத பூஜை வந்தால் வடிவேலுவைக் கையில் பிடிக்க முடியாது. மெர்லிமாவில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி அவருடையது. இஞ்சின் ஓடும்போதுதான் சூடம் காட்ட வேண்டும், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும். அந்த வருஷம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வேறு வந்திருந்தது. மனுஷன் சும்மா இருப்பாரா?

"இதுவும் மெஷின்தானே லா!" என்று அதையும் ஓடவிட்டுச் சந்தனம் குங்குமம் வைத்தார். அப்புறம் பெட்டியை அலாக்காகத் தூக்கி நாலு பழத்தின்மேல் தொப்பென்று வைத்து அழுத்தினார். பழம் நசுங்கியது. பெட்டிக்குள் 'கரக்' என்றது.

"ஐயோ அப்பா! ஓடுறப்ப ஆட்டக் கூடாதுப்பா!" என்று மகள் ஷாந்தினி அலறினாள்.

அவள் அலறாமல் என்ன செய்வாள்? காலேஜின் கடைசி வருஷ புரோஜெக்ட் முழுக்க அதற்குள்தான் இருந்தது. அன்று மத்தியானம்தான் முடித்தாள். மறுநாளே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். காப்பி எடுக்கலாமென்றால் டிஸ்கெட் பெட்டியைக் காலையிலேயே அம்மா பாக்கியலட்சுமி புத்தகங்களோடு சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கிவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அம்மா உரித்துவிடுவாள்.

பொட்டு வைத்து அணைத்த கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்தான். விடிந்ததும் ஷாந்தினி சுவிட்சைப் போட்டாள். எப்போதும்போல நீல வானமும் மேகமும் வந்தன. வந்தவை போகவேயில்லை. அழகான படம்தான், அழகை வைத்து நாக்கா வழிக்க முடியும்? ரெம்பியாவில் இருக்கும் வகுப்புத் தோழன் புவனேஷுக்குப் போன் போட்டாள்.

"அந்தப் படத்த நம்பாத லா. அது சும்மா திரை. ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடு. மேகம் வந்ததும் எஸ்கேப் பட்டன அமுக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு எழுத்துல காட்டும்."

அமுக்கினாள். மேகம் மறைந்து திரை கறுத்தது. வெள்ளை எழுத்து வரி வரியாக இறங்கியது.

"பாத்தியா, ஓடுது! நான்தான் சொன்னேன்ல!" பின்னால் நின்ற வடிவேலு கையைத் தட்டினார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஷாந்தினிக்குத் தெரியும், அதுதான் கொடுமை. சி டிரைவைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. அடுத்ததில் ஒரு கேள்வி வந்து நின்றது. போனில் வாசித்துக் காட்டினாள்.

புவனேஷ் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். "ஹார்ட் டிஸ்க் போச்சு லா, ஷாந்தினி. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

அவள் போனை வைத்தாள். அப்பாவைக் கடித்துக் குதற வேண்டும்போல இருந்தது. திரும்பினால், அந்த மனுஷன் சாமியைப் பார்ப்பதுபோலத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னம்மா கேக்குது?"

"விட்டுடவா, மறுபடி பாக்கவா, இல்ல முடியலைன்னு ஒத்துக்கவான்னு கேக்குதுப்பா."

"மறுபடி பாக்கச் சொல்லு!"

மறுபடி பார்க்கச் சொல்லும் ஆர் எழுத்தைத் தட்டிக் காட்டினாள். அதே வரி, அதே கேள்வி. வடிவேலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதானே? நான் தட்டுறேன். நீ குளிச்சுட்டுக் கிளம்பு, பஸ் வந்துரும்."

புவனேஷ் சொன்னதை அவரிடம் சொல்லாமல் துண்டை எடுத்துக்கொண்டாள். குளித்தாள். உடுத்தினாள். லெக்சரரிடம் என்ன சொல்வதென்று தெரியாமலே வெறுங்கையோடு வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினாள். உள்ளே பட்டன் சத்தம் நிற்கவேயில்லை.

"ஷாந்தினி! இன்னும் கேட்டுக்கிட்டுதாம்மா இருக்கு! இன்னும் விடல!"