பச்சைப் புழுக்கை

ஹுலையில் என்கிற என் தம்பி பொய் சொல்வான் என்று அந்த மாரிக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால், நானே அவர் வாயில் அடித்திருப்பேன். எங்கள் கூட்டத்துக்காக முன்னால் போய் மேய்ச்சல் பார்த்து வருகிறவன் அவன்தான். எங்கே மழை இறங்கியது, எங்கே புல் முளைத்தது என்று நஃபூத் பாலைவன மணலில் தனியாக அலைந்துவிட்டு வருவான். அவன் கை காட்டும் பக்கம் கூடாரங்கள் கிளம்பும். அவன் சொன்னது சரிதானா என்று இன்னொருவனை அனுப்பிப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

அப்போது என் சிவப்பி நிறைசினை. கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த ஒட்டகம். அது ஈன்றால்தான் என் பிள்ளைகளுக்குப் பால்.

ஹுலையில் வந்து காபியைக் குடித்துவிட்டுச் சொன்னான்: "தெற்குப் பள்ளம் காஞ்சு கெடக்கு மச்சான். வடக்கே கெளம்புங்க."

என் கணவர் ஃபர்ராஜ் மறுபேச்சே பேசவில்லை. நான் அவன் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டப் போனேன். காலடியில் புழுக்கை கிடந்தது. காய்ந்த முள்ளைத் தின்கிற ஒட்டகம் கல்லுக் கல்லாகப் போடும். இது குழைந்திருந்தது. பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை. அப்படியே கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினேன்.

"இது என்னடா?"

"பாருங்க மச்சான், கூடப் பொறந்தவ பீயைக் கிளறி என்னை விசாரிக்கிறா."

கூடாரமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வழியில ஒரு கைப்பிடி மொளைச்சிருந்துச்சுக்கா. அல்லா மேல ஆணையா அவ்வளவுதான்" என்றான். ஒரு வேலை இருக்கிறது, பின்னால் வருகிறேன் என்று எங்களை அனுப்பியும் வைத்தான்.

வடக்கே புல்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சிவப்பி கன்றைச் செத்ததாகப் போட்டது. பிறகு படுத்தது, எழவேயில்லை. ஃபர்ராஜ் கத்தியை உருவிக்கொண்டு அதன் கழுத்தை மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பினார். நான் பார்க்கவில்லை. பாலுக்கு அழுத கடைக்குட்டிக்குப் பேரீச்சம்பழத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன்.

கோடையில் எல்லாக் கூட்டமும் கிணற்றடிக்கு வந்து சேரும். இன்னொரு கூட்டத்துத் தலைவர் ஷுவைமியின் ஆட்களும் வந்தார்கள். அவர்களுடைய ஒட்டகங்களின் திமில் தளதளவென்று இருந்தது. அவற்றை ஓட்டிக்கொண்டு என் தம்பி வந்தான், ஷுவைமியின் மருமகனாக. நுரை பொங்கும் கிண்ணத்தை என்னிடம் நீட்டினான்.

"குடிக்கா."

"இதுங்க எங்கடா மேஞ்சுது?"

அவன் தலை குனிந்தது. "தெற்குப் பள்ளத்துக்கு உங்க ஆளுங்க வரக் கூடாது, அப்பத்தான் பொண்ணுன்னாரு மாமனாரு. நீங்க எப்படியும் சமாளிச்சிருவீங்கன்னு நெனச்சேங்க்கா."

கிண்ணத்தைத் தட்டிவிடப் போனேன். அதற்குள் கடைக்குட்டி கிண்ணத்தைப் பிடுங்கி வாயில் வைத்துவிட்டாள். அவளைத் தடுக்க எனக்குக் கை வரவில்லை.

அந்தப் பாவி அத்தோடு விட்டானா? ஃபர்ராஜிடம் திரும்பி, "வர்ற மாரிக்கும் நானே போய்ப் பாத்துட்டு வர்றேன் மச்சான்" என்றான்.

"நீ வேணாம்டா," என்றேன். "உன் ஒட்டகத்தை மட்டும் அனுப்பு. அது எங்கிட்ட உண்மையத்தான் சொல்லுச்சு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கடைக்குட்டி கிண்ணத்தின் அடியை நக்கிக்கொண்டிருந்தாள்.