மீசை வைத்த பழைய உதடு

என் உதட்டில் குடியிருக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு வீட்டில் வைத்த பெயர் மாப்பிள்ளை. பரீட்சை, நேர்முகத் தேர்வு, அக்கா கல்யாண போட்டோ என்று எதையும் விட்டதில்லை. கூப்பிடாமலே கொப்புளமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வார். அவர் மறுபடி தலைதூக்காமல் இருக்க ஒரு தடுப்பூசியைச் சோதிக்கிறார்கள் என்றதும் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். தினமும் காலையில் உதட்டைப் படமெடுத்து ஆராய்ச்சி நர்ஸுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஐந்து வாரம் மாப்பிள்ளை வரவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் தடுப்பூசி புராணம் பாடினேன். ஆறாவது வாரம், திங்கட்கிழமை, மேலுதட்டில் சுருக்கென்றது. களிம்பு தடவ இடைஞ்சலாக இருந்த மீசையை மழித்தேன். மாப்பிள்ளை வந்துவிட்டார் என்பதற்காகத் தடுப்பூசியின் மானத்தை வாங்கிவிட முடியுமா? போன வாரப் படங்களையே மூன்று நாளும் அனுப்பினேன்.

வியாழக்கிழமை பரிசோதனை. மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். வண்டி ஓட்டி வந்த அக்காவும் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"மாஸ்க்கக் கழட்டுங்க," என்றார் நர்ஸ்.

"சளி, சிஸ்டர்."

"பரவால்ல, கழட்டுங்க."

கழற்றினேன். என் முகத்தைப் பார்த்தார், கணினித் திரையைப் பார்த்தார்.

"நேத்து போட்டோல மீசை இருக்கே?"

"இன்னிக்குக் காலைலதான் மீசைய எடுத்தேன்."

"பொய்யி," என்றாள் அக்கா. "திங்கக்கிழமையே எடுத்துட்டான் சிஸ்டர். வாஷ்பேசினக் கழுவினதே நான்தான்."

கூடப் பிறந்ததே குழி பறித்தது.

"எதுக்கு மறைச்சீங்க?"

"மருந்து தோத்துடக் கூடாதுன்னுதான்..."

நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். "பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. உங்களுக்குப் போட்டது உப்புத்தண்ணின்னு வைங்க. கொப்புளமே வரலன்னு நீங்க சொன்னா யாரு ஜெயிப்பா?"

"உப்புத்தண்ணி."

"மருந்து?"

"ஐயோ, நானே கவுத்துட்டேனா? என்னத் தூக்கிடுவீங்களா சிஸ்டர்?"

"டாக்டர்தான் சொல்லணும். இப்ப வாய மூடுங்க."

பஞ்சுக்குச்சியால் கொப்புளத்தைத் தேய்த்தெடுத்துக்கொண்டு, தொலைபேசியோடு வெளியே போனார். அந்தப் பத்து நிமிடமும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தாள்.

டாக்டரின் முடிவோடு திரும்பி வந்தார். என் தில்லுமுல்லு முழுவதும் பதிவாகும், என்னை வெளியேற்றவில்லை. ஆனால் இனி ஒவ்வொரு படத்திலும் அன்றைய செய்தித்தாள் தெரிய வேண்டும், எடுப்பது அக்காவாக இருக்க வேண்டும்.

மறுநாள் காலை கடத்தப்பட்டவனைப் போலத் தாளைத் தாடைக்குக் கீழே பிடித்து நின்றேன்.

"மூஞ்சியத் தூக்குடா," என்றாள் அக்கா. "மாப்பிள்ளை சரியா விழல."