நாலு நிமிஷம் ஊறணும்

காலை ஏழு மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைவாள். ஏழு நாற்பதுக்கு அவர் வெளியே போவார். நடுவே கிடைக்கிற நாற்பது நிமிடம்தான் அவர்களுடைய குடித்தனம். மாலையில் வாசலில் ஒருவரையொருவர் கடப்பார்கள். மற்ற நேரமெல்லாம் ஒருவர் விட்டுப்போன தலையணைச் சூட்டில் இன்னொருவர் தூங்குவதோடு சரி.

அவளுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணி. ஆறு வருடமாக. ஊரார் ரத்தத்தைக் குழாய் குழாயாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் நேரம் எழுதி ஒட்டி, விடியும்போது தன் உடம்பில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லாதவள்போல் வந்து நாற்காலியில் விழுவாள். அவருக்கு எடை அளவு சோதனை அலுவலகத்தில் வேலை. கடைக்காரர்களின் தராசையும் எடைக்கற்களையும் லிட்டர் அளவைகளையும் சோதித்து முத்திரை குத்தவேண்டும். அளவையின் அடியில் மெழுகு ஊற்றியவனையும், உள்சுவரில் அட்டை ஒட்டியவனையும் எட்டிப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். விரலை விட்டுத் தடவக்கூட வேண்டியதில்லை என்பது அவருடைய இருபத்திரண்டு வருடப் பெருமை. தெருவில் அவர் பெயரே முத்திரை என்றாகிவிட்டது. அவள் 'என்னங்க' என்பாள். எரிச்சல் வந்தால் அவளுக்கும் அவர் முத்திரைதான்.

முன்பெல்லாம் காபிக்கு ஐந்து நிமிடம் போகும். ஒரு நசுங்கிய சட்டி, ஒரு துணி வடிகட்டி. மிச்சம் முப்பத்தைந்து நிமிடத்தில் குழாய் ஒழுகுவதையும், விடுதியிலிருக்கும் மகள் போனில் மூக்கை உறிஞ்சியதையும், யாருக்கு முட்டி வலி அதிகம் என்பதையும் பேசி முடித்துவிடுவார்கள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்ததில் மண்ணைப் போட்டவர் அவருடைய மேலதிகாரி. எதையும் நாக்கின் நுனியில் வைத்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொல்கிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு நுனிநாக்கு என்று பெயர். ஒரு நாள் முத்திரையை வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு கோப்பை காபி கொடுத்தார்.

"என்ன தெரியுது?"

"சூடா இருக்கு சார்."

"அதுக்குப் பின்னாடி?"

முத்திரை இன்னொரு வாய் குடித்து யோசித்தார். "பின்னாடியும் சூடாத்தான் சார் இருக்கு."

"ஆரஞ்சுத் தோல் தெரியலயா?"

மேலதிகாரி கேட்ட பிறகு தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் நசுங்கிய சட்டியை, கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இத்தன வருஷமா நாம காபியே குடிக்கல" என்றார்.

"பின்ன என்னத்தக் குடிச்சோம்?" என்று அவள் இரவுப் பணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"பழக்கத்தக் குடிச்சோம்."

இது நுனிநாக்கு சொன்னது என்று அவளுக்குத் தெரியும். அவருக்குச் சொந்தமாக இவ்வளவு வராது.

தூளை ஊறவைத்து, சல்லடை வைத்த தண்டால் அழுத்திக் காபி இறக்குகிற பிரெஞ்ச் பிரஸ் வாங்குவது என்று முடிவாகி, எதை வாங்குவது என்று முடிவாக மூன்று வாரம் ஆனது. ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினார். கண்ணாடி: உள்ளே நடப்பது தெரியும், கை தவறினால் போச்சு. எஃகு: உடையாது, ஆனால் நுனிநாக்குக்கு அதில் இரும்பு வாசம் வருகிறது. பீங்கான்: சூடு தாங்கும், வாசம் பிடிக்காது, மேசையில் வைத்தால் பார்க்கிறவர்களுக்கு நம்மைப்பற்றி ஓர் அபிப்பிராயம் வரும். கடைசிக் காரணத்தை நோட்டில் எழுதவில்லை. முகத்தில் எழுதியிருந்தது.

அவளுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை நாளில் கடைக்குக் கூட்டிப்போனார். மூன்று சாம்பல் நிறங்கள் இருந்தன. ஒன்றின் பெயர் மூடுபனி, ஒன்றின் பெயர் ஆற்றுக்கல், மூன்றாவதற்கு மௌனம். மூன்றும் ஒரே சாம்பல். அவள் அலமாரியில் சாய்ந்து நின்றபடியே கொஞ்சம் தூங்கினாள். விழித்தபோது முத்திரை கடைக்காரப் பெண்ணிடம் தண்ணீர் வாங்கி, பையிலிருந்த அளவைக் குவளையால் பாத்திரத்துக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பெட்டியில எண்ணூறு மில்லின்னு போட்டிருக்கீங்க. மூக்கு வரைக்கும் எழுநூத்தி அறுபதுதான் பிடிக்குது."

"சார், நீங்க இத வாங்கப் போறீங்களா, கேஸ் போடப் போறீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

வாங்கினார். மௌனம்தான். வெளியே சாம்பல், உள்ளே பால் வெள்ளை. "உள்ள வெள்ளையா இருக்குறதுதான் விசேஷம். ஒரு தூசி, ஒரு கறை இருந்தாலும் கண்ணுக்குத் தப்பாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாளிலிருந்து நாற்பது நிமிடமும் மௌனத்துக்கே போனது. முதலில் வெந்நீர் ஊற்றிப் பாத்திரத்தைச் சூடாக்கவேண்டும். கொட்டவேண்டும். கொட்டையைக் கரகரப்பாக அரைக்கவேண்டும். நைசாகப் போனால் சல்லடையில் அடைத்துக்கொள்ளும். நிறுக்கவேண்டும். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிடவேண்டும். கொஞ்சம் ஊற்றித் தூளை நனைத்து, பொங்குவதைப் பார்த்து, மீதியை ஊற்றி, மூடி, நாலு நிமிடம். அப்போது பேசக்கூடாது, பேசினால் அவருக்கு எண்ணிக்கை தவறும். பிறகு தண்டை மெதுவாக, ஒரே சீராக அழுத்தவேண்டும். உடனே கோப்பைகளில் ஊற்றிவிடவேண்டும். உள்ளேயே விட்டால் கசக்கும். பிறகு சல்லடையை மூன்று துண்டாகக் கழற்றிக் கழுவவேண்டும். அது மட்டும் அவள் வேலை.

காபி நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருப்பது பாவம். ஆனால் அதைக் குடிக்கும்போது மணி ஏழு முப்பத்தைந்து. அவர் ஒரு கையில் கோப்பையும் மறுகையில் சட்டைப் பொத்தானுமாக நிற்பார்.

இந்தச் சமயத்தில்தான் அவளுக்கு அந்தப் படிவம் வந்தது.

ஊரின் மறுகோடியில் இருக்கிற கிளை ஆய்வகத்தில் பகல் பணி ஓர் இடம் காலி. ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த பகல். அங்கே போவதென்றால் வீட்டையும் அந்தப் பக்கம் மாற்றவேண்டும். அவருக்குத் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பேருந்துப் பயணம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் படிவம் தலைமை மருத்துவரின் மேசைக்கு வரவேண்டும். அதற்கு முன் முத்திரை சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை வாங்க ஓர் இடைவெளிதான் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வாயைத் திறந்தாள். "இரு, தண்ணி ஆறிடும்" என்றார். புதன்கிழமை திறந்தாள். எண்ணிக்கொண்டிருந்தவர் விரலை உயர்த்திக் காட்டினார். வியாழக்கிழமை காபியே கிடையாது. அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த எடைக்கற்களை வைத்து வீட்டுத் தராசைச் சோதித்ததில் அது இரண்டு கிராம் கூடுதலாகக் காட்டியது. சொந்த வீட்டுத் தராசென்று அவர் இரக்கம் பார்க்கவில்லை. 'நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்புச் சீட்டு எழுதி ஒட்டினார். அவள் வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தாள்.

அன்று இரவுப் பணிக்குக் கிளம்புமுன் ஒரு முடிவுக்கு வந்தாள். படிவத்தை மேசையில் வைத்தால் அவர் அதன்மேல் கரண்டியை வைப்பார். கண்ணாடியில் ஒட்டினால் தலையை ஒதுக்கிச் சீவிக்கொள்வார். அவர் காலையில் தவறாமல் உற்றுப்பார்க்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அரைத்தாள் அளவுப் படிவம். பால்பாயிண்ட் பேனாவால் நிரப்பி, ஓரத்தில் 'படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவும்' என்று எழுதி, சுருட்டி, பிரெஞ்ச் பிரஸ்ஸுக்குள் வைத்து மூடினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது அவர் அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கிய தராசோடு, காபியை ஊறவைத்து மூடிவிட்டு நின்றார். மேசையில் படிவம் இல்லை. எடுத்துப் பத்திரப்படுத்தியிருப்பார் என்று நினைத்தாள். அவர் முகத்தில் சேதி எதுவும் இல்லை.

"உள்ள பாத்தீங்களா?"

"பாக்காம ஊத்துவேனா? நல்லா எட்டிப் பாத்துட்டுத்தான் ஊத்தினேன்."

"ஒண்ணும் சொல்லலயே."

"சொல்ல என்ன இருக்கு? நாலு நிமிஷம் இரும்மா."

அவள் இருந்தாள். சொல்ல என்ன இருக்கு. பார்த்தாயிற்று, சொல்வதற்கு ஒன்றுமில்லை, காபி ஊறுகிறது. கோபப்படலாம்தான், அதற்கு எழுந்து நிற்கவேண்டும். கால் விட்டுப்போயிருந்தது. ஆறு வருடம் போனதுபோல் இன்னும் ஆறு வருடம் போகும், அதற்குள் மகள் படித்து முடிப்பாள், தானும் ஒரு குழாயில் நேரம் எழுதி ஒட்டப்பட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். பீங்கான் ஒன்றையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தது.

நாலு நிமிடம் முடிந்தது. முத்திரை தண்டை அழுத்தினார். பாதியில் நின்றது.

"அரைப்பு நைஸாப் போயிடுச்சு" என்றார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "மெதுவா, ஒரே சீரா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, இரண்டு கையாலும் அழுத்தினார். மௌனம் வாயைத் திறந்தது. மூக்கு வழியாகக் காபி பீறிட்டு, அவருடைய துவைத்துத் தேய்த்த சட்டையில் கழுத்திலிருந்து தொப்புள்வரை அபிஷேகம் செய்தது.

ஐயோ அம்மா என்று குதித்துவிட்டு மூடியைப் பிடுங்கினார். சல்லடையோடு சேர்ந்து, வேகவைத்த தோல்போல ஒன்று சுருண்டு வந்தது. அவள் எழுந்து நின்றாள். கால் எங்கிருந்தோ திரும்ப வந்துவிட்டது.

சுருட்டி வைத்த தாள் உள்ளே போனதும் விரிந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வெள்ளைக்குள் வெள்ளை. உள்சுவரில் அட்டை ஒட்டியவனை எட்டிப் பார்த்தே பிடிக்கிற மனிதர் நல்லா எட்டிப் பார்த்துவிட்டு வெந்நீரை ஊற்றியிருக்கிறார்.

அவர் தாளைப் பிரித்துத் தூளைத் தட்டிவிட்டுப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமை."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"மூணு நாளாச் சொல்றேன். ஒரு நாள் தண்ணி ஆறிடும்னீங்க. ஒரு நாள் விரலக் காட்டினீங்க. நேத்து தராசுக்குத் தண்டன குடுத்துக்கிட்டிருந்தீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலை வேளையில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம் இருக்கும்.

"ஒரு மணி நேரம் பஸ்ஸு" என்றாள் அவள். "உங்களுக்குத்தான் கஷ்டம். அதான் கேக்காமக் குடுக்க மனசு வரல."

"பஸ்ஸுல உக்காந்துதான போகப்போறேன்." தாளின் ஓரத்தை விரலால் நீவினார். "போடு. இன்னிக்கே குடு."

பிறகு வேறு குரலில் சொன்னார்: "உள்சுவர்ல ஒட்டியிருந்திருக்கு பாரு. கண்ணுலயே படல. ஆபீஸ்ல யாருக்கும் தெரியவேணாம்."

"ஆபீஸ்ல நான் எதுக்குச் சொல்றேன்? இங்க வீட்டுல வச்சே வருஷக்கணக்காச் சொல்லிக்கிட்டிருப்பேன்."

அவர்தான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். தாளை இரண்டு துணிக்கு நடுவே வைத்து, மெதுவாக, ஒரே சீராக அழுத்தினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனார். மதியத்துக்குள் தலைமை மருத்துவர் அந்தப் பழுப்பு நிறத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்னம்மா இது, எந்தப் பேஷண்டோட சாம்பிள்?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரோடது டாக்டர். நாலு நிமிஷம் ஊறினது."

வீடு மாறி, பகல் பணி தொடங்கி, முதல் வாரம். மாலை ஆறரைக்கு முத்திரை பேருந்தில் கசங்கி வந்து சேர்ந்தார். அவளும் அப்போதுதான் வந்திருந்தாள். பகலில் வேலை செய்தாலும் உடம்பு அசரத்தான் செய்கிறது என்பதை யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் சட்டையைக்கூட மாற்றாமல் மௌனத்தை எடுத்தார். உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினார். இப்போதெல்லாம் அது வழக்கம். தூளைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடி, எதிரே உட்கார்ந்தார்.

"அப்புறம், சொல்லு" என்றார். எண்ணவில்லை, கடிகாரத்தில் மணி வைத்திருந்தார்.

அவள் புது ஆய்வகத்தில் ஜன்னல் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று சொல்வதற்குள் கழுத்து சாய்ந்துவிட்டது. முத்திரை மணி அடிக்குமுன் கடிகாரத்தை அமுக்கினார். தண்டு மரநாற்காலிபோல் கிறீச்சிடும் என்று தெரியும். அதைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விழித்தவள் தானே எழுந்து, தண்டை அழுத்தி, ஊற்றி ஒரு வாய் குடித்தாள்.

"இன்னிக்கு நல்லாருக்குங்க."

"இருபது நிமிஷம் ஊறியிருக்கு. நல்லாருக்க வழியே இல்ல" என்றார் முத்திரை, கோப்பையை நீட்டி.