ஏழாம் நாள் சிவப்பு

தையல்காரருக்குக் கணையத்தில் இருந்த கட்டியை எடுத்து அன்றோடு ஏழு நாள். ஆகாரம் இறங்கத் தொடங்கிவிட்டது. வராந்தாவில் நாலு நடை நடந்தும் வந்துவிட்டார். வயிற்றின் ஓரத்திலிருந்து தொங்கும் குழாயை உருவிவிட்டால் மறுநாள் வீடு. மனைவி டம்ளர், தட்டு, சீப்பு எல்லாவற்றையும் பையில் கட்டி வைத்துவிட்டாள். அவசரக்காரி.

காலை பத்து மணி இருக்கும். குழாயின் முனையில் இருக்கும் பையில் எப்போதும் வைக்கோல் நிறத்தில்தான் நீர் வடியும். அன்று சிவந்திருந்தது. நிறைய இல்லை, கண்ணுகளா. இரண்டு ஸ்பூன். அதுவும் வந்த சுவடு தெரியாமல் நின்றுவிட்டது.

சின்ன டாக்டர் வந்து பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம் ஆன பிள்ளை. நாடி சரி, ரத்த அழுத்தம் சரி.

வார்டுச் சுவரில் பெரிய டாக்டர் ஒட்டிய தாள் ஒன்று உண்டு. இந்த அறுவைக்குப் பிறகு ரத்தம் கசிந்தால் ஏ, பி, சி என்று வகை பிரிக்க வேண்டும்; ஏ லேசு, சி பெரிய ஆபத்து. எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்று மூன்று கேள்விகள். சின்ன டாக்டர் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு ஸ்பூன்தானே. ஏ போட்டுக்கோங்க சிஸ்டர். மத்தியானம் குழாயை எடுத்துடலாம்."

"ஏ-ன்னா நல்ல மார்க்குதானே டாக்டர்?" என்றார் தையல்காரர். "பள்ளிக்கூடத்துல வாங்காததை இங்க வாங்கிட்டேன்!"

"அதுவும் படுத்துக்கிட்டே," என்றாள் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் பேனாவைத் திறந்தவள், எழுதாமல் மூடினாள். அந்த வார்டில் அவளுக்கு இருபது வருடம்.

"டாக்டர், இங்க வாங்க. ஏ-க்கு நேரா என்ன போட்டிருக்கு, படிங்க."

"லேசான கசிவு."

"அதுக்கு முன்னாடி?"

அவர் குரல் இறங்கியது. "முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள."

"இவருக்கு இன்னைக்கு ஏழு நாள். ஏழாம் நாள்ல ஏ-ங்கிறதே கிடையாது சார். ஒரு சொட்டு வந்தாலும் பி."

"நின்னுடுச்சே சிஸ்டர்."

"நின்னதுதான் எனக்குப் பயம்."

பின்னாலேயே வந்து நின்ற மனைவியின் முகத்தில் சிரிப்பு இல்லை. "மறைக்காம சொல்லுங்கம்மா."

சிஸ்டர் அவள் தோளைப் பிடித்தாள். "முதல் நாள் ரத்தம் வந்தா பெரும்பாலும் எங்கயாவது தையல் விட்டிருக்கும். இப்ப தையல் விடலை, துணியே அரிச்சுப் போகுதோன்னு சந்தேகம். கணையத்து நீர் உள்ள கசிஞ்சா பக்கத்து ரத்தக்குழாயைத் தின்னுடும். இந்த ரெண்டு ஸ்பூன் அதோட முன்னறிவிப்பா இருக்கலாம்."

நைந்த துணியில் தையல் நிற்காது என்று தையல்காரர் வீட்டில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்ன டாக்டர் வீம்பு பிடிக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம். உடனே பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே கேள்வி.

"எத்தனாம் நாள்?"

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம். குழாயைத் தொடக் கூடாது, பொருந்தும் ரத்தம் தயாராக வேண்டும், ஆள் நேரே ஸ்கேனுக்குப் போக வேண்டும். படத்தில், ஈரல் பக்கம் போகும் ரத்தக்குழாயில் மிளகளவு ஒரு புடைப்பு தெரிந்தது.

அதை உள்ளிருந்தே அடைக்கத் தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் மறுபடி ரத்தம் வந்தது. இந்த முறை ஸ்பூன் கணக்கில்லை. பை நிறைந்தது. மாற்றிய பையும் நிறைந்தது. கதவுக்கு வெளியே இருந்த மனைவி கண்டதெல்லாம், ரத்தப் பைகளோடு இரண்டு பேர் உள்ளே ஓடியது மட்டும்தான். பிறகு கதவு வெகுநேரம் திறக்கவில்லை.

திறந்தபோது சின்ன டாக்டர் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"இப்ப என்ன மார்க்கு டாக்டர்?" என்றாள் அவள்.

"சி. உயிர் இருக்கும்மா. ரத்தக்குழாயை அடைச்சாச்சு. ரத்தம் நின்னுடுச்சு."

அவள் திரும்பி, நின்றதுதான் பயம் என்று காலையில் சொன்ன சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள்.