பாரஹ், தொளஹ

அப்பாவின் நெற்றியில் திருநீறு பூசும்போதும் யோகத்தின் மனம் அந்தப் பன்னிரண்டிலேயே சிக்கிக்கிடந்தது.

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டு வடநாட்டுப் பால்காரருக்குப் பன்னிரண்டு என்றால் ‘பாரஹ்’. சிங்கள நகைக்கடைக்காரருக்கு ‘தொளஹ’. ‘த்வாதச’ என்ற ஒரே பழஞ்சொல்தான் பிராகிருதப் பேச்சில் தேய்ந்து, ஊருக்கு ஊர் இப்படி மாறியது என்பார் அப்பா. வால் விளங்கியது; இரண்டிலும் ‘ச’ தேய்ந்து ‘ஹ’ ஆகியிருந்தது. நடுவிலும் சிக்கலில்லை, நடுவிலிருந்த ‘த’ ஓரிடத்தில் ‘ர’ ஆனது, மற்ற இடத்தில் ‘ள’. தலைதான் உதைத்தது. ‘த’வில் தொடங்கிய சொல்லுக்கு ‘ப’ எங்கிருந்து வந்தது?

ஜப்பான்காரன் வந்து ரயில்வே வேலை போனபின் அப்பாவுக்கு இதே தேடல்தான்.

“ஊரே கிழங்குக்கு அலையுது, நீங்க பன்னெண்டுக்கு அலையறீங்களே லா! அது வேற சொல்லு, இது வேற சொல்லு, விடுங்க” என்று கீழ்வீட்டுத் துரைசாமி சீண்டுவார்.

நேற்று, வீங்கிய கால்களோடு படுத்தபடி அப்பா சொன்னார்: “நான் போக முந்திக் கண்டுபிடிச்சா சொல்லு, பிள்ளை.”

முந்திக்கொண்டது அவர்தான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனை வரைதான் அவளுக்கு அப்பா.

பாடையைத் தூக்கினார்கள். முன்னால் துரைசாமியும் பால்காரரும் தோள் கொடுத்தார்கள். மாடி வாசலில் இருவரும் சேர்ந்தாற்போல் மாட்டிக்கொண்டார்கள்.

“ரெண்டு பேரும் ஒண்ணாப் போக முடியாது. நான் விடறேன், நீங்க பிடிங்க” என்று துரைசாமி விலகினார். பால்காரர் தனியாகத் தாங்கினார். கீழ் வாசலும் குறுகல். இந்த முறை பால்காரர் விலக, துரைசாமி தாங்கினார். பாடை தெருவுக்கு வந்துவிட்டது.

யோகம் படியிலேயே நின்றாள். பிறகு ஓடினாள்.

“பொம்பிளைப் பிள்ளை, எங்க ஓடுறாய்?” என்று பெரியம்மா ரத்தினம்மா கத்தியது அவள் காதில் விழவில்லை. தெருமுனையில் பாடையின் மூங்கிலைப் பிடித்து நிறுத்தினாள்.

“அப்பா, கண்டுபிடிச்சிட்டன்!”

துரைசாமி அவளையே பார்த்தார். தோளை மாற்றவில்லை. “சத்தமா சொல்லும்மா. எனக்கும் கேக்கட்டும்.”

யோகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

“அந்தச் சொல்லுக்குத் தலையில ரெண்டு பேர், ‘த்’தும் ‘வ்’வும். வாய் ஒடுக்கமான வாசல், ரெண்டு பேரும் சேர்ந்து வரேலாது. வடக்கில ‘த்’ விலகிச்சுது, தனிய நிண்ட ‘வ்’ இறுகிப் ‘ப்’ ஆச்சுது. சிங்களத்தில ‘த்’ தாங்கிச்சுது, ‘வ்’ அதுக்குள்ள கரைஞ்சு ‘தொ’ ஆச்சுது. ரெண்டும் ஒரே சொல்லுதான், அப்பா.”