தீப்பெட்டியின் மருந்துப் பக்கம்

பஞ்சைச் சிறு உருண்டைகளாகப் பிய்த்து, ஒவ்வொன்றிலும் வாஸ்லினைத் தடவிப் பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்கச் செய்தித்தாள் விரித்திருந்தது. இருபது உருண்டைகள். ஈரச் சுள்ளியைக்கூட இவை நின்று எரிந்து பற்றவைத்துவிடும். போதாதென்று மெழுகில் முக்கிய அட்டைத் துண்டுகள், இரண்டு லைட்டர்கள், மூன்று தீப்பெட்டிகள். எல்லாம் தனித்தனி டப்பாக்களில், மேலே சீட்டு ஒட்டி. ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த கை, சீட்டு ஒட்டாமல் எதையும் மூடாது. அதனால்தான் அண்ணன் எனக்கு டப்பா என்று பெயர் வைத்தார்.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாக வலது கை மடியில் கிடக்கிறது. வாயில் மிச்சமிருப்பவை "டேய்", "சரி" என்ற இரண்டு சொற்கள்தான். இந்தத் தடவை கூடாரம் போடப்போகும் ஏரிக்கரை வரை கார் போகும், ஒரே ஒரு ராத்திரி. டாக்டர் உடனே ஒத்துக்கொண்டார். அண்ணிதான் ஒரு வாரம் யோசித்தார். குளிர் மட்டும் தாங்கமாட்டார், தீ அணையக் கூடாது என்றார்.

போன தடவை நாங்கள் இருவர் மட்டும் மலையில் நான்கு மணி நேரம் நடந்து போனோம். தீக்குச்சிகள் நனையக் கூடாதென்று ஒவ்வொன்றின் தலையையும் மெழுகில் முக்கி, லேபில் வாங்கிய புதுக் குப்பியில் போட்டு இறுக மூடியிருந்தேன். இடத்தை அடைக்குமென்று காலித் தீப்பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன். அங்கே மழை விட்ட பிறகு குப்பியைத் திறந்தபோதுதான் உறைத்தது, உரசுவதற்கு ஒன்றுமில்லை. கல்லில் உரசினேன். பெல்ட்டில் உரசினேன். அந்த வருடம்தான் சிகரெட்டை விட்டிருந்த அண்ணனிடம் லைட்டரும் இல்லை. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சீட்டெல்லாம் பிரமாதமா ஒட்டியிருக்கடா டப்பா. அதையே கொளுத்திக் குளிர் காயலாமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடாரத்துக்குள் போய் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன். பக்கத்தில் வந்து படுத்தவர் மெதுவாகச் சொன்னார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. தீ முன்னாடி உக்காந்து சொல்லலாம்னு இருந்தேன். பரவால்ல, இருட்டும் ஒரு வகைல வசதிதான்."

"காலைல பேசிக்கலாம்ணே."

காலையில் அவர் விசிலடித்தபடி கூடாரத்தை மடித்தார். நான் கேட்கவில்லை. இறங்கி வந்த அத்தனை நேரமும் கேட்கவில்லை. அப்புறம் சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன். இரண்டு மாதத்தில் அவர் குளியலறையில் விழுந்தார்.

அண்ணி கம்பளிச் சட்டையை மடித்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்குக் கெளம்பறப்ப, டப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லப் போறேன், சொல்லிட்டா மனசு லேசாயிடும்னு சொன்னார், தம்பி. என்னன்னு எனக்குத் தெரியாது. நீங்களும் சொல்ல வேணாம். உங்ககிட்டயாவது எறக்கி வெச்சாரே, எனக்கு அது போதும்."

இல்லை அண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடமாக இதை ஒரு ஆறுதலாக வைத்திருக்கிறார் என்பது அந்த விரல்களிலேயே தெரிந்தது. கையிலிருந்த உருண்டையை மறுபடி பிசைந்தேன்.

"ம்" என்றேன்.

அண்ணி எழுந்து உள்ளே போனார். நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியவில்லை.

"டேய்" என்றார்.

இடது கை மேஜைப் பக்கம் நீண்டது. லைட்டரை எடுத்தேன். வேண்டாமென்று தலையை அசைத்தார். தீப்பெட்டியை எடுத்துப் போய்க் கொடுத்தேன். அதை உள்ளங்கையில் புரட்டி, மருந்துப் பக்கம் என்னை நோக்கி வரும்படி இறுகப் பிடித்தார். ஒரு குச்சியை உருவி, அவர் கை மேல் என் கை படாமல் உரசினேன். வழுக்கியது. விரல்களில் வாஸ்லின். சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி உரசினேன். பற்றியது.

ஜன்னல் வெயிலில் சுடர் இருப்பதே சரியாகத் தெரியவில்லை. குச்சி கறுத்து வளைவதுதான் தெரிந்தது. அண்ணனின் உதடுகள் ஒரு பக்கமாகக் கோணித் திறந்தன. ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்தேன்.

ஊதினார், அன்றைக்கு இருட்டும் வசதிதான் என்றவர். பாதி வாயால் வந்த அந்தக் காற்றில் சுடர் சாய்ந்தது, அணையவில்லை. என் விரலை நோக்கி வந்துகொண்டிருந்தது.