பதினொரு இரவுகளின் சிவப்பு

குற்றாலத்துச் சாரலில் வளர்ந்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. வானத்தில் எது மங்கினாலும் மேகம் என்றுதான் முதலில் தோன்றும். தென்காசிக் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் சுகந்திக்கு அதுவே வினையாயிற்று.

அவளிடம் ஆராய்ச்சி செய்தவன் கிங்ஸ்லி, சுரண்டைக்காரன். எடுத்துக்கொண்டது ஒரு குவேசாரை. பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. எங்கோ தொலைவில் ஒரு கருந்துளை வாயுவை இழுத்து விழுங்கும்போது, அந்த வாயு கொதித்து எறிகிற வெளிச்சம். இரை கூடினால் வெளிச்சம் கூடி நீலம் பாரிக்கும். குறைந்தால் மங்கிச் சிவக்கும். கடல் தாண்டி ஏதோ வறண்ட மலையிலிருக்கும் தொலைநோக்கியிலிருந்து படங்கள் வரும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஆனி மாதம், பதினொரு இரவுப் படங்களில் அது மங்கிச் சிவந்திருந்தது.

"மேகம்லே கிங்ஸ்லி. அந்தப் பதினொண்ணையும் எடுத்துரு."

"மேகம்னா பக்கத்து நட்சத்திரமும் மங்கணும்லா மேடம்? ஒருதரம் பாத்துருங்க."

"சாரல்ல நனையாத ஊர்க்காரன் எனக்கு மேகத்தச் சொல்லித் தாரான்!"

சிரித்தாளே தவிர, பார்க்கவில்லை. அதோடு குவேசாரைப் படமெடுப்பதையும் நிறுத்திவிட்டாள். அந்தப் பதினொன்றும் இல்லாத ஆய்வேடு, சரக்கில்லை என்று திரும்பி வந்தது. கிங்ஸ்லி அப்பாவின் பம்புசெட் கடையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

போன மாதம் வேறெதற்கோ அந்தக் கோப்பைத் திறந்தாள் சுகந்தி. பக்கத்து நட்சத்திரம் பதினொரு இரவும் இம்மி மங்காமல் நின்றது. மேகமில்லை; இரை குறைந்து குவேசாரேதான் மங்கியிருந்தது.

இரண்டின் வெளிச்சத்தையும் கோடாய் இழுத்த வரைபடத்தோடு சுரண்டைக்கு பஸ் ஏறினாள்.

கிங்ஸ்லி கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான்.

"இப்ப எப்பிடி இருக்கு மேடம்?"

"பழையபடி நீலமா ஏறிட்டு."

"ஏறுனத யாரும் பாக்கலியா?"

"நாமதான் நிறுத்திட்டோமே."

"நாம இல்ல மேடம்."

கோபமாகச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

"தப்பு என்னுதுதான்டே. திரும்ப எழுதுவோம், உன் பேரு முதல்ல. வந்துரு."

"அண்ணாச்சி, ஒண்ணரை குதிரை மோட்டார் ஓடுதா இல்லியா?" என்று வெளியே ஒருவர் சத்தம் போட்டார்.

"இந்தா வாரேன்!" என்றவன், வரைபடத்தை எண்ணெய் படாமல் அவளிடமே நீட்டினான். "பேரப் போடுங்க, அப்பாகிட்டக் காட்டணும். ஆராய்ச்சின்னு அஞ்சு வருஷத்த வீணாக்கிட்டேன்னு இன்னும் சொல்லுதாவ. ஆனா நான் வரல மேடம்."

சுகந்தி தலையாட்டினாள். உள்ளே மோட்டார் உறுமத் தொடங்கியது.